புளி போட்டுத் தேச்ச செம்புச் சுத்தி

பேரு சொல்ல மாட்டேன். மரியாதைன்னு நெனச்சிக்காதீங்க. எங்க பக்கத்துல பொம்பளைங்க புருசன் பேரச் சொல்றதில்ல, சொன்னா அவங்க ஆயுசு கொறயும்னுவாங்க. கொறயட்டுமேன்னு நானும் எத்தினியோ வாட்டி சொல்லப் பாத்தேன். தொண்ட வரைக்கும் வருது, அதுக்கு மேல வரமாட்டேங்குது. பழகின நாக்கு. அதனால அந்தாளுன்னே சொல்றேன், நீங்களும் அந்தாளுன்னே வெச்சிக்குங்க.

அந்தாளு ஒரு ஊட்டுக்குள்ள நொழஞ்சா மனுசங்க மூஞ்சப் பாக்க மாட்டாரு. கண்ணு மொதல்ல கதவுக்குப் பின்னால போவும். அப்பால ஜன்னலுக்கு முட்டு குடுத்திருக்கறது இன்னா, அடுப்பாண்ட கெடக்கற இரும்பு இன்னா, கெணத்து ராட்டினத்துல செருகி வெச்சிருக்கறது இன்னா, எல்லாத்தையும் ஒரு சுத்து பாத்து முடிச்சிட்டுதான் "நல்லா கீறீங்களா"ன்னு கேப்பாரு. கேட்டுட்டு பதில கூட முழுசா வாங்க மாட்டாரு. சாவு ஊட்டுக்குப் போனாலும் அப்படித்தான். எங்க தெருவுல ஒரு கெழவி செத்துப்போயி, அல்லாரும் தலமாட்டுல நின்னு அழுதுகினு கீறாங்க. இந்த மனுசன் பாட கட்டற எடத்துல குந்திகினு, மூங்கில் பொளக்கறவன் கையில இருந்த இரும்பத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. நான் பல்லக் கடிச்சிகினு "ஏங்க"ன்னு கூப்ட்டா, "நம்மளுது இல்ல"ன்னு சொல்லிட்டு எழுந்து வராரு.

நம்மளுது. அத மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா உங்களுக்குப் புரியாது. அந்தாளு சின்ன வயசுலயே ஒரு ஜமீன் ஊட்டுல கிளீனரா சேந்து அங்கயே டிரைவர் ஆனவரு. அங்க ஒரு சீமைப் பந்தயக் காரு இருந்துச்சாம். ரெண்டே சீட்டு, மேல கூர கெடையாது, கம்பிச் சக்கரம். ஜட்கா குதிரைக்கு வயித்துப் பட்டை கட்டறாப்ல பானெட்டு மேல ஒரு தோல் வாரு போட்டு இழுத்துக் கட்டியிருக்குமாம். அந்தக் காரோடவே கப்பல்ல பதினேழு சாமான் வந்துச்சாம். ஸ்பேனரு, ஜாக்கி, டயர் நெம்பற லீவரு, கிரீஸ் கன்னு, எண்ண கேனு, இப்படி. எல்லாத்துலயும் அந்தக் கம்பெனி பேரு போட்டிருக்கும். ஜாக்கியும் காத்தடிக்கற பம்பும் போக மிச்சத்த வெக்கறதுக்கு அறை அறையா தெச்ச ஒரு கேன்வாஸ் பை, சுருட்டி வார் போட்டுக் கட்டறது.

ஜமீனெல்லாம் ஒழிஞ்சி பங்கு பிரிச்சப்போ, காரு மெட்ராஸ்ல ஒரு பெரிய மனுசன் கைக்குப் போயிடுச்சி. சாமானுங்க மட்டும் சமையக்காரன் ஒண்ணு, தோட்டக்காரன் ஒண்ணுன்னு ஆளுக்கொண்ணா தூக்கிகினு போயிட்டாங்க. அந்தாளு கையில மிஞ்சினது காலிப் பை. அந்த மெட்ராஸ்காரர் பழைய பந்தயக் காருங்களா வாங்கி வரிசையா நிறுத்தறவராம். "சீமையில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே பதினேழும் சேத்துக் குடு. உன்னையே டிரைவரா வெச்சிக்கறேன். பங்களாவுக்குப் பின்னால ரூம் இருக்கு, குழாத்தண்ணி இருக்கு, குடும்பத்தோட வந்துடு"ன்னு சொல்லிட்டாரு. அன்னிக்குப் புடிச்ச பித்து. திருத்தணியில பஸ்ஸு ரிப்பேரு பாக்கற ஒரு ஷெட்டுல வேல பாத்துகினே, லீவு நாளெல்லாம் ஊரு ஊரா அந்தப் பதினேழையும் தேட ஆரம்பிச்சாரு.

"செட்டுன்னா செட்டு. ஒண்ணு கொறஞ்சாலும் ஒண்ணுமே இல்ல." இதான் அந்தாளு வேதம். சோறு உண்ணும்போது கூட இதச் சொல்லுவாரு.

எங்க ஊரு பொதட்டூர்பேட்டை. எங்க ஊட்டுல பாதி தறி, பாதி நாங்க. அம்மா இல்ல, நானும் நைனாவும்தான். நைனா லுங்கி நெய்வாரு, நான் தார்க் குச்சியில நூலு சுத்துவேன். பாவு நூலு விறைப்பா நிக்க தறிக்குப் பின்னால கயிறு கட்டி ஒரு பாரம் தொங்கவிடணும். மத்த ஊட்டுல கல்லு தொங்கும். எங்க ஊட்டுல ஒரு செம்புச் சுத்தி தொங்கிச்சி. பள்ளிப்பட்டு சந்தையில பழைய இரும்புக்காரன்கிட்ட நைனா வாங்கினது. அது வந்த நேரம் தறி நல்லா ஓடுதுன்னு அவருக்கு ஒரு நம்பிக்க.

என்னப் பொண்ணு பாக்க அந்தாளு வந்தாரு. எனக்குப் பத்தொம்போது வயசு. நான் காப்பித் தம்ளரோட நின்னுகினே கீறேன், மாப்ள தறியப் பாத்துகினே கீறாரு. அப்பால எழுந்து போயி தறிக்குப் பின்னால மண்டி போட்டாரு. அந்தச் சுத்திய, பொறந்த கொழந்தையத் தூக்கறாப்ல ரெண்டு கையிலயும் ஏந்திகினாரு.

"இது இன்னாக்கு வந்த சாமான் தெரியுமா பெரியவரே? அந்தக் காரு சக்கரத்துக்கு நடுவுல கொம்பு வெச்ச நட்டு ஒண்ணு இருக்கும். இரும்புச் சுத்தியால அடிச்சா கொம்பு காயமாயிடும். செம்பு மெத்து. அடியெல்லாம் தானே வாங்கிக்கும், எதிர்ல இருக்கறதுக்கு ஒரு கீறல் வராது."

இவ்ளோ மெதுவா, இவ்ளோ ஆசையா ஒரு ஆம்பள பேசி நான் அது வரைக்கும் கேட்டதில்ல. அந்தக் கொரலுக்குத்தான் விழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கொரலு எனக்குன்னு நெனச்சேன்.

"பொண்ணு புடிச்சிருக்குது. சீரு செனத்தி ஒண்ணும் வேணாம். இந்தச் சுத்தி மட்டும் குடுத்துடுங்க"ன்னாரு.

நைனா சிரிச்சிட்டாரு. தெருவே சிரிச்சிச்சி. கட்டில் கேக்காத, பாத்திரம் கேக்காத, சங்கிலி கேக்காத மாப்ள. தறியில கட்டற பாரத்தக் கேக்கறாரு. "தங்கமான மனுசன்டி, ஒன்ன உள்ளங்கையில வெச்சித் தாங்குவான்"னு பக்கத்து ஊட்டு அத்த என் கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்சா. நானும், என் ஊட்டு ஞாபகத்துக்குத்தான் கேக்கறாரு போலன்னு நெனச்சிகினேன். பத்தொம்போது வயசுப் பொண்ணுக்கு எத்தினி திமிரு பாருங்க.

திருத்தணியில மலைக்குப் போற ரோட்டுல எங்க ஊடு. ஒரே ரூம்பு. செவுத்துல ஆணி அடிச்சி அந்த கேன்வாஸ் பை தொங்கும். தொடக் கூடாது. தொட்டா அடிப்பாரான்னா அதெல்லாம் இல்ல, கை நீட்டி ஒரு நாளும் அடிச்சதில்ல. எடுத்துப் பாத்து, தொடச்சி, திரும்ப அதே அறையில வெப்பாரு, அவ்ளோதான். அதுக்கு அடிச்சிருக்கலாம்.

எது எங்க இல்லன்னு அந்தாளுக்கு மூக்குல வேர்க்கும். பஸ்ஸு எஞ்சின்ல ஒரு வாஷர் கொறஞ்சா கூட ரோட்டுல நின்னுகினே சத்தத்த வெச்சி சொல்லுவாரு. ஆடிக் கிருத்திக கூட்டத்துல என் மூக்குத்தி தொலஞ்சிபோச்சி. எங்க அம்மா போட்டது. மலப் படி பூரா காவடிக்காரங்க காலுக்கு நடுவுல தேடிட்டு, அழுது வீங்கின மூஞ்சோட வந்து சோறு போட்டேன். சாப்ட்டாரு. மக்யா நாளும் சாப்ட்டாரு. பொங்கல் வந்துச்சி, போச்சி. நானா சொல்ற வரைக்கும் அந்த மனுசனுக்குத் தெரியாது. சொன்னதும் என் மூக்க உத்துப் பாத்துட்டு, "இங்க ஒண்ணு இருந்துச்சா?"ன்னு கேட்டாரு.

மலையில அர்ச்சனை பண்ணப் போனா குருக்கள் "யாரு பேருக்கு?"ன்னு கேப்பாரு. அந்தாளு காரு நம்பரச் சொல்லுவாரு. குருக்களும் பாவம், மொத வாட்டி முழிச்சவரு அப்பால பழகிகினாரு. அந்த நேரம் திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கான்னு ஊரே கொடி புடிச்சி கத்திகினு கெடந்துச்சி. தடியடி நடந்துச்சி, ஜனங்க ஜெயிலுக்குப் போனாங்க. நம்ம ஆளும் ஊர்வலத்துக்குப் போனாரு. எந்தப் பக்கம்னு கேட்டா, "பேச வந்தவரு காரு ஒண்ணு நின்னுது, டிக்கியத் தொறக்கச் சொல்லிப் பாத்தேன். அதுல ஒண்ணுமில்ல"ன்னாரு.

இருந்தாலும் ஏமாத்தி எடுத்துகினு வர ஆளில்ல. அது தான் அந்தாளுக்குப் பெரிய கெத்து. "சொம்மா வாங்க மாட்டேன், ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுப்பேன்"னுவாரு. மலப் படியாண்ட தேங்கா கடைக்காரரு மட்ட உரிக்க வெச்சிருந்தது டயர் லீவரு. அவருக்குப் புதுசா ஒரு கடப்பாரையே வாங்கிக் குடுத்துட்டு அத எடுத்துகினு வந்தாரு. ஒரு கெணத்து ராட்டினத்துக்கு அச்சா இருந்த பெரிய ஸ்பேனருக்குப் புது அச்சும் புதுக் கயிறும் போட்டுக் குடுத்தாரு. அவங்களுக்கும் சந்தோசம்தான்.

கே.ஜி.கண்டிகையில ஒரு கெழவரோட மாட்டுக் கொட்டாயில ஜாக்கி இருந்துச்சி. தொய்ஞ்சி போன உத்தரத்துக்கு அடியில வெச்சி, தூக்கி நிறுத்தி வெச்சிருந்தாரு. அந்தாளு ஒரு நாள் பூரா வேர்வ சொட்டச் சொட்ட பனங்கட்டை வெட்டி, தோள் குடுத்துத் தூக்கி, முட்டுக் கட்டையா நட்டுட்டு ஜாக்கியக் கொண்டாந்தாரு. தோளெல்லாம் தோலு வழண்டு போச்சி, நான்தான் மஞ்சளும் எண்ணயும் போட்டேன். அடுத்த ஐப்பசி மழைக்குள்ள கரையான் அந்தக் கட்டையத் தின்னுடுச்சி. கொட்டா எறங்கி, சென மாட்டுக்கு இடுப்பு ஒடஞ்சிபோச்சி.

கெழவரு நனஞ்சிகினே எங்க ஊட்டாண்ட வந்து நின்னாரு. கத்தல, சண்ட போடல. "தம்பி, மாடு எழுந்திரிக்கமாட்டேங்குதுப்பா"ன்னு மட்டும் சொன்னாரு.

அந்தாளு ஜாக்கியத் தொடச்சிகினே, "பெரியவரே, அது காரத் தூக்கறதுக்குப் பொறந்த சாமான். மாட்டுக் கொட்டாயத் தாங்கறதுக்கு இல்ல"ன்னாரு. மொகத்துல ஒரு வருத்தமும் இல்ல. ஏதோ ஞாயம் சொல்லிட்டாப்ல ஒரு தெளிவு. நான் கெழவருக்கு ஒரு சொம்பு கஞ்சி ஊத்திக் குடுத்தேன். வாங்கிக் குடிச்சிட்டுப் போனாரு. அன்னிக்கே அந்தாளக் கேட்டிருக்கணும். ஆனா இன்னா பண்றது, புருசன். நானும் மெட்ராஸு ரூம்பு மேல ஒரு கண்ணு வெச்சிகினு கீறேன். மல அடிவாரத்துக் கொளத்துல இருந்து தெனம் ஆறு நடை தண்ணி தூக்கறவளுக்குக் கொழாத்தண்ணின்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியாது. அங்க போனா இந்தத் தேடல் முடிஞ்சிடும், அப்பால மனுசன் நம்ம மூஞ்சப் பாப்பாருன்னு ஒரு நப்பாசை.

ரெண்டு வருசத்துல பதினாறு சேந்துச்சி. பாக்கி எண்ண கேனு ஒண்ணு. அது பள்ளிப்பட்டுல ஒரு டெய்லர்கிட்ட கீது, மிஷினுக்கு எண்ண உடறாருன்னு துப்பு கெடச்சிச்சி. ஆயுத பூஜைக்கு மொத நாளு. விஜயதசமி அன்னிக்குக் காலையில மெட்ராஸ்காரரு காரு எடுத்துகினு வரேன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு.

"நான் போயி கேன வாங்கிகினு வந்துடறேன். பூஜைக்கு ஊட்ட சுத்தம் பண்ணி வெய்யி. அவரு வரும்போது எல்லாம் லட்சணமா இருக்கணும்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. நாளைக்குப் பூஜைக்கு வந்துடுவாருன்னு பாத்தேன். வரல. அப்பால தெரிஞ்சிது, அந்த டெய்லரு மிஷின், கத்திரி, கேனு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சி சாமி முன்னால வெச்சிட்டாராம். "பூஜையில வெச்ச சாமான மறுபூஜை பண்ணாம எடுக்கக் கூடாது, விஜயதசமி காலையில வாங்கிகினு போ"ன்னு சொல்லி இருக்கச் சொல்லிட்டாராம்.

பூஜை அன்னிக்கு விடிஞ்சதும் தெரு பூரா கழுவற சத்தம். பஸ்ஸு ஷெட்டுல பசங்க ஸ்பேனரெல்லாம் மண்ணெண்ணயில போட்டுத் தேய்க்கறாங்க. சைக்கிள் கடையில சைக்கிளக் குளிப்பாட்டறாங்க. எங்க ஊட்டுல மட்டும் ஆயுதமெல்லாம் கறுப்பு மூஞ்சோட பையில தொங்குது. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சி. அவ்ளோ பெரிய மனுசன் நாளைக்கு வரப்போறாரு. இந்த அழுக்கையா எடுத்து நீட்டறது? நெசவுக்காரப் பொண்ணு நானு. ஆயுத பூஜைன்னா எங்க ஊட்டுல தறிக் கட்டை மொதல்கொண்டு கழுவித் தேச்சாதான் சாமி முன்னால வெப்போம். அழுக்கா வெச்சா தொழிலுக்கு ஆகாதுன்னு நைனா சொல்லுவாரு.

எடுத்தேன். தொடக் கூடாதுன்னு தெரியும். ஆனா பூஜைக்குன்னா தொடாம எப்படி?

ஒரு உருண்ட புளிய ஊற வெச்சி, செங்கல்ல நுணுக்கிப் பொடி பண்ணி, சாம்பலும் கலந்து, தேங்கா நாரால ஒவ்வொண்ணா தேச்சேன். ஸ்பேனரு மேல இருந்த கறுப்பு மொதல்ல உடல, உட மாட்டேன்னு புடிச்சிகிச்சி. நானும் உடல. புளித் தண்ணியில ஊற வெச்சேன், கரஞ்சி வந்துடுச்சி. உள்ள இருந்து இரும்பு வெள்ளி மாதிரி வந்துச்சி. கிரீஸ் கன்னு மேல ஒட்டியிருந்த கம்பெனிப் படத்த நகத்தால சொரண்டி எடுத்தேன். ஜாக்கி மேல இருந்த பச்ச பெயிண்டு அங்கங்க உரிஞ்சி அசிங்கமா இருந்துச்சி, மிச்சத்தையும் தேச்சி எடுத்துட்டேன். செம்புச் சுத்திதான் கடைசி. அது எங்க ஊட்டுது இல்லையா, அதுக்கு மட்டும் தனியா ஒரு உருண்ட புளி. கம்பெனி பேரு பாதி மழுங்கிப் போச்சி, பாதி நின்னுது. ஆனா மின்னிச்சி பாருங்க, கல்யாண ஊட்டுக் குத்துவெளக்கு தோத்துடும். பக்கத்து ஊட்டுக்காரி எட்டிப் பாத்துட்டு, "யம்மாடி, ஒன் புருசன் இத்தப் பாத்தா ஒன்ன கோயில் கட்டி கும்புடுவாரு"ன்னா. மெய்யாலுமே நான் சிரிச்சேன். பாட்டு கூட முணுமுணுத்துகினு இருந்தேன்.

கேன்வாஸ் பையி எண்ணப் பிசுக்கேறி நாறிச்சி. அண்டாவுல தண்ணி வெச்சி, சோடா உப்பு போட்டு, கொதிக்க உட்டு, கல்லுல அடிச்சித் தொவச்சேன். மேல கறுப்பு மையில போட்டிருந்த கம்பெனி பேரு நொரையோட போயிடுச்சி. பிழியும்போதுதான் கடைசி அறையில இன்னாவோ தட்டுப்பட்டுச்சி. மெழுகுத் துணியில சுத்தி வெச்ச, நாலா மடிச்ச ஒரு காகிதம். பென்சில்ல எழுதினது, அதனால தண்ணிக்கு அழியல. முக்கியமான காகிதமோன்னு பயந்துபோயி பதமா பிரிச்சிக் கல்லு மேல காய வெச்சேன். அஞ்சாங்கிளாசு படிச்சவ நானு. காய்ஞ்சிகினே இருக்கும்போது படிச்சேன்.

சாமான் பேரு, கெடச்ச ஊரு, அதுக்குக் குடுத்தது. இப்படி வரிசையா எழுதியிருந்தாரு.

டயர் லீவர், மலப்படி தேங்கா கடை, கடப்பாரை.

ஸ்பேனர் பெருசு, கெணத்து ராட்டினம், அச்சு, கயிறு.

ஜாக்கி, கே.ஜி.கண்டிகை, பனங்கட்டை.

செம்புச் சுத்தி, பொதட்டூர்பேட்டை, கண்ணாலம்.

நாலஞ்சி வாட்டி படிச்சேன். அப்புறம்தான் எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சி. அந்தாளு பொண்ணு பாக்க வர்றதுக்கு எட்டு நாளு முன்னாடி யாரோ ஒருத்தன் வந்து அந்தச் சுத்தியக் கேட்டான். நைனா "பூஜையில வெச்ச தொழில் சாமான வெளி மனுசனுக்குக் குடுக்க மாட்டேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு. வெளி மனுசனுக்குத்தான குடுக்க மாட்டாரு? ஆள உட்டுக் கேட்டுப் பாத்துட்டு, என்னக் கட்டிகினு உள் மனுசன் ஆயிட்டாரு. பனங்கட்டைய நட்டாப்ல என்ன எடுத்துகினாரு. அந்தச் சுத்தி சீரு இல்ல, நான் சம்சாரமும் இல்ல. என்னக் கட்டிகினது சுத்திக்குக் குடுத்த வெல.

அழுகை வரல. கையெல்லாம் புளி எரிச்சல். வெளியில போயி உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி எழுந்து பூஜைய பண்ணேன். பண்ணாம உட்டா ஊட்டுக்கு ஆகாதே. எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சி, பொரி கடல வெச்சி, கற்பூரம் காட்டினேன். காகிதம் காத்துல பறக்கக் கூடாதுன்னு அந்தச் சுத்திக்கு அடியிலயே வெச்சேன்.

விஜயதசமி அன்னிக்குக் காலையில மொத பஸ்ஸுல அந்தாளு கேனோட வந்து எறங்கறாரு, அதே நேரம் மெட்ராஸ்காரரு காரும் வந்து நிக்குது. ரெண்டு பேரும் சேந்துதான் உள்ள வந்தாங்க. மெட்ராஸ்காரரு நல்ல மனுசன், செருப்ப வெளியில உட்டுட்டு வந்தாரு. சாமி முன்னால பதினாறும் பொட்டு வெச்சிகினு ஜொலிக்குது.

அவரு ஒரு ஸ்பேனர எடுத்தாரு. திருப்பினாரு. கட்டை விரலால தடவினாரு. கிரீஸ் கன்ன எடுத்தாரு. பைய விரிச்சாரு. கொதிக்க வெச்சதுல பையி சுருங்கிப் போயிருந்துச்சி. ஸ்பேனர அறைக்குள்ள செருகிப் பாத்தாரு, போவல.

"ஏம்பா, கம்பெனி போட்ட கறுப்புப் பூச்சு எங்க? பேர் எங்க? படம் எங்க? பளபளன்னு புதுசு வேணும்னா நான் மெட்ராஸ்லயே வாங்கியிருப்பேனே. இதுல ஒரிஜினல் எது இருக்கு?"ன்னாரு. கோவமா கூட சொல்லல. என்னப் பாத்து, "பாவம், அது என்ன பண்ணும்"னுட்டு காரு ஏறிப் போயிட்டாரு.

அந்தாளு கத்தல. எண்ண கேன கையில வெச்சிகினே நின்னாரு. அப்பால குந்தி ஒவ்வொண்ணா எண்ணினாரு. சுத்திய எடுத்தாரு. அடியில காகிதம் விரிச்சபடி இருந்துச்சி.

"படிச்சியா?"

"படிச்சேங்க."

"தெரிஞ்சுதான பண்ண?"

"அய்யோ இல்லீங்க. சத்தியமா இல்ல. பூஜைக்குன்னுதான் தேச்சேன். தேச்சி முடிச்சப்புறம்தான் காகிதத்தப் பாத்தேன். முருகன் மேல ஆணையா."

"தெரிஞ்சுதான் பண்ண"ன்னு திரும்பச் சொன்னாரு. அவ்ளோதான். காகிதத்துல எழுதினதுக்கு ஒரு வார்த்த சொல்லுவாருன்னு பாத்தேன். அது தப்புன்னு அந்த மனுசனுக்குத் தோணவே இல்ல. ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுத்தாரு, கணக்கு சரி.

மத்தியான பஸ்ஸுல என்னக் கூட்டிகினு பொதட்டூர்பேட்டைக்கு வந்தாரு. நைனா தறியில குந்தி இருந்தாரு. அந்தாளு பையில இருந்து சுத்திய எடுத்துத் தறி மேல வெச்சாரு.

"செட்டு ஒடஞ்சிடுச்சி மாமா. உங்களுது உங்களுக்கு"ன்னு சொல்லிட்டு அதே பஸ்ஸு திரும்பும்போது ஏறிப் போயிட்டாரு. நைனா பாவம், சுத்தியப் பாக்கறதா, மூட்டையோட நிக்கற என்னப் பாக்கறதான்னு தெரியாம மாறி மாறிப் பாத்தாரு.

அதுக்கப்புறம் தெருவு வாய மூட முடியுமா? "இன்னாடி தப்பு பண்ண?"ன்னு கேப்பாங்க. "சாமான் தேச்சேன்"னு சொல்லுவேன். "சாமான் தேச்சதுக்கா ஒருத்தன் பொண்டாட்டியத் தள்ளி வெப்பான்? வேற இன்னாவோ கீது"ம்பாங்க. கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்ச அதே அத்ததான் மொதல்ல சொன்னா. அந்தாளு குடிகாரனா இருந்திருந்தா எனக்காக அழுதிருப்பாங்க. அடிச்சிருந்தா அழுதிருப்பாங்க. சீரு கேக்காத தங்கமான மாப்ள தள்ளி வெச்சான்னா, குத்தம் என்கிட்டதான இருக்கணும்? மெய்யச் சொல்லி சொல்லி எனக்கே அது பொய் மாதிரி ஆயிடுச்சி. நைனா கூட ஒரு நாளு சோத்துத் தட்டப் பாத்துகினே, "என்னான்ட சொல்லும்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னு கேட்டாரு. அன்னிக்குத்தான் அழுதேன்.

ஆறு வருசம். தறியில நைனாவுக்குப் பதிலா நான் குந்த ஆரம்பிச்சேன். சுத்தி பழையபடி பாவுக்குப் பாரமா தொங்கிச்சி. அத மட்டும் பூஜைக்குக் கூட தேய்க்க மாட்டேன். பஞ்சுத் தூசியும் வெளக்குப் பொகையும் படிஞ்சி, மின்னினதெல்லாம் மங்கி, பழுப்பாயி, கறுத்துப்போச்சி.

ஒரு நாளு வாசல்ல நெழலு தட்டிச்சி. பாத்தா அந்தாளு. முடி கொட்டிப்போயி, சட்ட மட்டும் வெள்ளையா. கையில ஒரு டஜன் வாழப்பழம். நைனா தடுமாறி எழுந்து, "வாங்க மாப்ள"ன்னாரு. தெருவுல நாலு பேரு கூடிட்டாங்க. எனக்குள்ள ஒரு ஆச வந்துச்சி, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த, "அன்னிக்கு நீ தெரியாமதான் பண்ண"ன்னு இந்தத் தெருவு காதுல உழறாப்ல சொல்லிட்டா போதும்னு நின்னேன்.

அந்தாளு கண்ணு கதவுக்குப் பின்னால போச்சி. ஜன்னலுக்குப் போச்சி. அப்பால தறிக்குப் பின்னால போயி நின்னுச்சி. போயி மண்டி போட்டாரு.

"நல்லா கறுத்துடுச்சே மாமா. பழையபடியே ஆயிடுச்சே. பேரு கூட பாதி தெரியுதே." அதே கொரலு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக் கேட்ட அதே ஆசக் கொரலு. "மெட்ராஸ்ல இன்னொருத்தரு கீறாரு. அதே கம்பெனி காரு, வேற வண்டி. ரெண்டு வருசமா செட்டு சேக்கறேன். சுத்தி ஒண்ணுதான் பாக்கி." அப்பால என் பக்கம் திரும்பாமலே, "நீயும் வரதுன்னா வா. ரூம்பு கீது. கொழாத்தண்ணி கீது"ன்னாரு.

நைனா கண்ணுல தண்ணி. "போம்மா. எனக்கப்புறம் ஒனக்கு யாரு கீறாங்க? மாப்ளயே வந்து கூப்பிடறாரு, போம்மா"ன்னாரு. வாசல்ல அந்த அத்த, "அதான் மன்னிச்சிட்டாரே, கெளம்புடி"ன்னா.

மன்னிச்சிட்டாராம்.

நான் தறிக்குப் பின்னால போனேன். கயித்த அவுத்து சுத்திய எடுத்தேன். பாவு தொய்ஞ்சிது. அந்தாளு ரெண்டு கையையும் நீட்டினாரு. நான் அந்தக் கைக்குப் பக்கத்தாலயே நடந்து அடுப்பாண்ட போயி புளி டப்பாவ எடுத்தேன். வாசல்ல தண்ணித் தொட்டியாண்ட, துணி தொவைக்கற கருங்கல்லு கீது. அங்க குந்தினேன். செங்கல் ஒண்ண நுணுக்கினேன்.

"ஏய், இன்னாமே பண்ற?"

புளியப் பூசித் தேச்சேன். கறுப்பு கரஞ்சி ஓடிச்சி. பேரு பாதி இருந்துச்சில்ல, அந்தப் பக்கத்த கருங்கல்லு மேல வெச்சித் தேச்சேன். செம்பு மெத்து, சீக்கிரம் தேயுது. ஒவ்வொரு எழுத்தா போச்சி. உள்ளங்கைத் தோலு உரிஞ்சி புளி எரிஞ்சிது. தெருவே நின்னு பாக்குது. அந்தாளு பக்கத்துல குந்திகினு என் கையப் புடிக்கவும் தைரியம் இல்லாம, பாத்துகினு இருக்கவும் முடியாம, கொழந்த மாதிரி ஒரு சத்தம் போட்டாரு. மூக்குத்திக்கு வராத சத்தம், மாட்டுக்கு வராத சத்தம்.

மழமழன்னு ஆன செம்ப தண்ணி ஊத்திக் கழுவி, அந்தாளு மூஞ்சிக்கு நேரா புடிச்சேன். கல்யாணம் ஆன நாள்லருந்து மொத வாட்டியா, சுத்தியத் தாண்டி என் மூஞ்சப் பாத்தாரு.

"தெரிஞ்சுதான பண்ற?"ன்னாரு.

"ஆங்"ன்னேன். "இப்பதான் தெரிஞ்சு பண்றேன்."